ஒன்பதாம் எண் கேமரா

வட்டக்கரட்டுக்கு மேற்கே
நாட்ராயன் கொறங்காட்டுக் கடவோரம்
வெள்வேல மரத்தில், முழங்கால் உயரத்தில்,
கட்டியிருக்கிறேன் ஒன்பதாம் எண்ணை.
எட்டு நாளைக்கொருமுறை
மொபெட்டைக் கிளுவை வேலியோரம் நிறுத்தி
கார்டு மாற்றுவேன், பேட்டரி பார்ப்பேன்,
எறும்பு ஊர்ந்த கண்ணாடியைத்
துப்பட்டா நுனியால் துடைப்பேன்.

அது பார்ப்பதில் பாதி வெறும் காற்று.
கொழுக்கட்டைப்புல் அசைந்ததற்கு நூற்று நாற்பது படம்.
மீதியில் மயில், கீரி,
லென்சை நக்கிப் பார்த்த ஒரு கிடாரி,
வெளிக்குப் போகிற பக்கத்துக் காட்டுக்காரர்
(அழித்துவிட்டேன், யோசிக்கவே இல்லை).
சிறுத்தை மூன்று முறை.
மூன்றும் ஒன்றேதான்: வலது விலாவில்
உடைந்த வளையல் மாதிரி ஒரு புள்ளி.
எங்கள் கணக்கில் ஆண், எண் இரண்டு.
எண் ஒன்று போன வருசம் லாரியில் அடிபட்டது.
முத்தூர் டீக்கடைக் கணக்கில்
ஐந்து சிறுத்தை, இரண்டு குட்டி.

மாசிக் கடைசியில் ஒரு விடியக்காலை போன் வந்தது.
பட்டிக்குள் பதினொரு செம்மறி:
ஐந்து செத்து, ஆறு சாகாமல்.
"சிறுத்தைதானுங்க. சந்தேகமே வேண்டாமுங்."
குனிந்து பார்த்தேன்.
தொடையில் கடி, மடியில் கடி, காது கிழிசல்.
தொண்டையில் ஒரு பல்லும் பதியவில்லை.
கொன்றதை யாரும் தின்னவும் இல்லை.
தொட்டியடி ஈரத்தில் ஒரு தடம், நகத்தோடு.
பூனைச்சாதி நகத்தை உள்ளே வைத்துக்கொண்டு நடக்கும்.
நான் பார்ப்பதை அவர் பார்த்தார்.
ஆட்டுக்கு ஊற்றுகிறவர்போல்
குடத்துத் தண்ணீரை அந்த இடத்தில் சாய்த்தார்.

சிறுத்தை கடித்தால் மனு உண்டு, பணம் உண்டு.
பைபாஸ் ஓரம் கோழிக்கழிவில் கொழுத்த நாய்களுக்கு
எந்த ஆபீசிலும் எண் இல்லை.
ஃபாரத்தில் "காரணம்" என்ற கட்டத்தைக்
காலியாக விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

அடுத்த வாரம் கார்டு.
11:52. நாட்ராயன். தோளில் செத்த ஆடு.
11:54. என் கேமராவுக்கு நேரே இறக்குகிறார்.
11:55. காலை மடக்கி, தலையைத் திருப்பி வைக்கிறார்,
கல்யாண வீட்டில் பொண்ணு மாப்பிள்ளையை
போட்டோக்காரர் நிறுத்துகிற மாதிரி.
11:56. லென்சை மறைத்த முள்ளுக்கொம்பை ஒடிக்கிறார்.
(இதை நான்தான் செய்திருக்க வேண்டும்.)
1:20. காற்று.
2:17. மறுபடி அவர், தள்ளிக் குந்தியிருக்கிறார்.
முகம் தெரியவில்லை. பீடி நுனி மட்டும்
அத்தனை வெள்ளையாக.
3:40. எண் இரண்டு.
வந்தது, மோந்தது, விலாவைத் திருப்பிக் காட்டியது.
3:44. தின்னுகிறது.
இவ்வளவு நல்ல படம்
இந்தக் கரட்டில் இதுவரை விழுந்ததில்லை.

ஐந்து படத்தை அழித்தால் போதும்.
அவருக்கு ஐந்து ஆட்டுக்குப் பணம்.
எண் இரண்டுக்குக் கூண்டு, லாரி,
பேர் தெரியாத ஒரு காடு.
நாய்களுக்கு என்ன? பங்குனியிலும் வரும்.
காங்கயம் ஆபீஸ் வாசலில் மொபெட்மேல் உட்கார்ந்து
விரலை வைத்தேன், எடுத்தேன்,
மறுபடி வைத்தேன்.

இன்றைக்குப் போனபோது அவர்
பிழைத்த ஆடுகளுக்கு
மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.
ஆறில் நாலுதான் இருந்தது.
"படம் விழுந்துச்சுங்களா?"
"விழுந்துச்சுங்."
"யாருது?"
"எல்லாருதும்."
கை நின்றது. பிறகு,
"இந்தக் காலைக் கொஞ்சம் புடிங்" என்றார்.
பிடித்தேன். ஆடு உதைத்தது.

புதுக் கார்டின் முதல் படம் எப்போதும் நான்தான்:
குனிந்த தலை, பொத்தானிலிருந்து விலகும் கை.
இம்முறை கையெல்லாம் மஞ்சள்.
ராத்திரிப் படமென்றால் அதுவும் சாம்பலாகத் தெரியும்.
ஃபாரம் இன்னும் மொபெட் பெட்டிக்குள்தான் இருக்கிறது,
ஸ்பேனருக்கு அடியில்.