ஊடகம்: காற்று

புதுவயல் மெயின் ரோட்டில்
கூட்டுறவுச் சங்கம் உரம் அடுக்கிய கிடங்குதான்
இப்போது கலைக்கூடம்.
சுண்ணாம்பு மூன்று கை அடித்தும்
மழை இருட்டினால் யூரியா மணக்கும்.

நான் இங்கே நாற்காலி.
அதாவது, நாற்காலியில் உட்கார்கிறவள்.
பத்து முதல் ஐந்து, நாளுக்கு இருநூற்றைம்பது.
வருகிறவர்களை நோட்டில் குறிக்க வேண்டும்.
திங்கள்: ஒன்பது பேர்.
பானைத் தண்ணீருக்கு நாலு, போன் சார்ஜுக்கு ரெண்டு,
காரைக்குடி பஸ் வரும்வரை நிழலுக்கு ஒன்று,
எல்.ஐ.சி. ஆள் ஒருவர்.
பார்க்க வந்தவர் என்று ஒருவரைப் போட்டேன்.
அவர் வழி கேட்க வந்தவராகவும் இருக்கலாம்.

இந்த மாதம் உண்ணாமலையின் கண்காட்சி.
கண்டனூர்க்காரர், பரோடாவில் படித்தவர்.
கொண்டுவந்தது ஒரே ஒரு துணி.
எட்டு முழம், வெள்ளை, ஒரு கோடு கிடையாது.
மேற்குச் சன்னலைக் கழற்றச் சொன்னார்,
அதற்கு நேரே கொடி கட்டித் தொங்கவிட்டார்.
"தட்டாதீங்க, ஊதாதீங்க.
மில் பாத்துக்கும்."
ரயிலுக்கு நேரமாகிவிட்டது அவருக்கு.

மில் பார்த்துக்கொண்டது.
மூன்றாம் நாள், மீசை அரும்புகிற பையனைப்போல
கீழ்விளிம்பில் ஒரு மங்கல்.
ஏழாம் நாள் மடிப்புகளில் மை.
உமிச்சாம்பல் விழும்போது எடை தெரியாது,
நகம் பட்டால்தான் வழுக்கும்.
பத்தாம் நாள் ஆலையில் பாய்லர் பழுது.
அன்று துணி
ஒன்றும் வரையவில்லை.

கருப்பையா அம்பலம் வந்தார். ஆலை அவருடையது.
இங்கே எரிகிற பன்னிரண்டு விளக்கும் அவர் உபயம்.
கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார்.
"தொவைக்கப் போடலையாம்மா?"
அட்டையைக் காட்டினேன்.
ஊடகம்: காற்று, என்று வாய்விட்டு வாசித்தார்.
சரி சரி என்று
விளக்குகளை எண்ணிவிட்டுப் போனார்.

மறுநாள் ஆரோக்கியம்.
பின்தெரு. நர்சிங் ஹோமின் கோட்டும் உறையும்
துவைத்துக் காயப்போடுகிறவள்.
தண்ணீருக்குத்தான் வந்தாள்,
சொம்பு வாயருகே போனபோது நின்றுவிட்டாள்.
"இது எவ்வளவு?"
நாற்பதாயிரம் என்றேன்.
முழுச் சொம்பையும் குடித்து முடித்தாள்.
"இதையா நான் தெனம் ரெண்டு தரம்
அலசிக் கொட்டுறேன்."

சாயங்காலம் திரும்பி வந்தாள்,
கையில் ஒரு தலையணை உறை.
மூன்று நாள் கொடியிலேயே விட்டதாம்.
செயலாளரை நான் கேட்கவில்லை.
பக்கத்தில் ஆணி இருந்தது, அட்டையும் இருந்தது.
ஆரோக்கியம். பருத்தி, சாம்பல். மூன்று நாள்.
விலைக்கு இடம் விட்டிருந்தேன்.
"சோப்புக் காசு போட்டுக்க" என்றாள்.

நோட்டில் அடுத்த நாள் முப்பத்தொன்று.
பானையை யாரும் தொடவில்லை.
ஒருத்தி, பிள்ளையின் சட்டைக் காலரை மடித்துப் பார்த்தாள்,
துணியைப் பார்த்தாள்,
மறுபடி காலரை.

சனிக்கிழமை நர்சிங் ஹோம் கணக்கில் ஒன்று குறைய
உறையை உருவிக்கொண்டு போனாள் ஆரோக்கியம்.
துவைத்திருப்பாள்.
அட்டையை நான் எடுக்கவில்லை.

உண்ணாமலை போனில் கேட்டார்,
எவ்வளவு கறுத்திருக்கு?
பார்த்துக்கொண்டே சொன்னேன்:
கறுப்புன்னு சொல்ல முடியாது. வெள்ளைன்னும் இல்ல.
"நீங்க எதையும் தட்டலையே?"
இல்லை என்றேன்.

என் நாற்காலியை மட்டும் தினம் காலையில் துடைக்கிறேன்.
துடைத்த பழந்துணி
வாளி விளிம்பில் காய்கிறது.
அதை நான் சொல்லவில்லை.