மேலதிக அரை மணித்தியாலம்

எனக்கு அரை மணித்தியாலம் கூடத் தந்திருக்கிறார்கள்.
அதற்கு மூன்று கடிதம்,
பெரியாஸ்பத்திரியில் இரண்டு செவ்வாய்க்கிழமை,
டொக்டரின் சீல்,
சீல் மங்கலென்று இன்னொரு செவ்வாய்க்கிழமை.

"பார்த்தா ஒண்டும் தெரியேல்லையே, பிள்ளை"
என்றார் கிளையில் இருந்தவர்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மாட்டிக்கொண்டு திரும்பவும் பார்த்தார்.
ஓம் சேர், தெரியாது.
உங்கள் தலைக்கு மேலே அந்த ரியூப் லைட்
காலையிலிருந்து கத்திக்கொண்டிருப்பதும்
உங்களுக்குத் தெரியாது.

திருநெல்வேலிச் சந்தியில் இறங்கி
வெயிலில் நடந்து வந்தால்
எங்கள் கட்டடத்துக்கு ஒரு சரிவுப் பாதை.
ரிப்பன் வெட்டிய நாளில் நானும் நின்றேன்,
வடையும் ரீயும் தந்தார்கள்.
இப்போது அதன் குறுக்கே ஏழு மோட்டச் சைக்கிள்.
பிரதாயினி தன் சில்லுக்கதிரையில் இருந்தபடி
நம்பர் பிளேற்றுகளைப் பாடமாக்கிவிட்டாள்.
அவளுக்குப் புவியியல்தான் ஆசை.
புவியியல் இரண்டாம் மாடி.
அதனால் வரலாறு படிக்கிறாள்.

எங்களுக்கென்று ஒதுக்கிய அறை
போன கிழமை வரை களஞ்சியம்.
கால் உடைந்த கதிரைகள் முகட்டைத் தொட,
கதவில் "விசேட தேவையுடையோர்" என்று ஒரு தாள்,
பசை இன்னும் காயவில்லை.
சத்தமில்லாத அறை கேட்டிருந்தேன்.
அது சத்தமில்லாமல்தான் இருந்தது,
ஒன்பது மணிக்குக் கஜீபன் வரும்வரை.

வெள்ளைப் பிரம்பு கதிரைக் காலில் தட்டியது.
பின்னால் சாருகா, முதலாம் வருஷம்,
அவன் சொல்வதை எழுதுவதற்கு.
"ஆர் அங்கை?"
"சிந்துயா. புள்ளிவிவரவியல்."
"நான் அரசறிவியல். வாயாலைதான் எழுதுவன்."
"எனக்குக் கதைச் சத்தம் ஆகாது."
கொஞ்ச நேரம் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு அவன்தான் முதலில் சிரித்தான்.

"சோதனை அறையில கதைக்கக் கூடாது"
என்றார் மேற்பார்வையாளர்.
"அப்ப நான் எப்பிடிச் சேர் சோதனை எழுதுறது?"
அவர் சுற்றறிக்கையைப் புரட்டினார்.
அதில் எங்கள் இரண்டு பேருக்கும்
தனித்தனிப் பந்தி இருந்தது.
அறை ஒன்றுதான்.

"இறைமை எனப்படுவது..."
என் நியமவிலகலின் நடுவில் வந்து விழுந்தது.
வெட்டினேன். திரும்ப எழுதினேன். திரும்ப வெட்டினேன்.
சாருகா கேட்டாள்: "எந்த ற?"
"வல்லின ற எண்டு படிப்பிச்சவை.
வடிவம் எனக்கெங்கை தெரியும்,
ஆறு புள்ளியிலதான் தெரியும்."

பேனையை வைத்துவிட்டு
இரண்டு காதையும் பொத்தினேன்.
சாருகா அதைப் பார்த்து அவன் காதில் ஏதோ சொன்னாள்.

அதன் பிறகு அவன் மூச்சால் கதைத்தான்.
அவளுக்கு விளங்கவில்லை.
ஒரு வசனத்தை மூன்று தரம் சொன்னான்.
அவனுக்குத் தந்த அரை மணித்தியாலம்
என் அமைதிக்காகக் கரைவது
எனக்கு எண்ணிக்கையாகவே தெரிந்தது,
அந்த வியாதிதானே எனக்கு.

எப்படித் தொடங்கியது என்று தெரியாது.
அவன் யோசிக்கிற நேரம் நான் எழுதினேன்.
நான் நிமிர்ந்தால்
சாருகா அவன் முழங்கையைத் தொட்டாள்,
அவன் குரலை விட்டுக் கதைத்தான்.
எந்தச் சுற்றறிக்கையிலும் இது இல்லை.
மேற்பார்வையாளர் இரண்டு தரம் எழும்பினார்,
இரண்டு தரமும் இருந்துவிட்டார்.

பன்னிரண்டுக்கு மணி அடித்தது.
மற்றவர்களுக்குச் சோதனை முடிந்தது.
எங்களுக்குத் தந்த அந்த அரை மணித்தியாலம்
நாளிலேயே மிகப் பெரிய இரைச்சலுக்குள் இருந்ததை
எந்தக் கூட்டத்தில் எவர் யோசித்திருப்பார்?
நூற்றெண்பது செருப்பு படியால் இறங்கியது.
"நாலாவது கேள்வி வந்ததே மச்சான்!"
ஏழு மோட்டச் சைக்கிளும் ஒன்றாய் உறுமின.
நான் மேசைக்குக் கீழே குனிந்தேன்.
கஜீபன் நிறுத்தினான்,
யாரும் முழங்கையைத் தொடாமலே.

புகை போனது.
யன்னலுக்கு வெளியே
யாரும் இல்லாத சரிவுப் பாதையில்
பிரதாயினி மெல்ல மேலேறினாள்,
சோதனை முடிந்த கட்டடத்துக்குள்.

இன்னும் பதினெட்டு நிமிடம் இருந்தது.