நடுக்கட்டம்

நானூறு வருஷத்து நாடகம். மூன்றாம் அங்கத்தில்
பால்குடத்தோடு வருகிற வேலைக்காரி
போகிற போக்கில் கேட்கிறாள்:
பார்லி பிரேக் ஆடலாம், வர்றியா?
அன்றைக்குக் கொட்டகையே சிரித்திருக்கும்.
எங்கள் பதிப்பில் அடிக்குறிப்பு:
"ஒரு நாட்டுப்புற விளையாட்டு."

பார்லி என்றால் எங்களுக்கு
நீர்க்கடுப்புக்குக் காய்ச்சும் கஞ்சி.
அதை எப்படி ஆடுவது?
"ரெண்டு மார்க்டி, விட்ரு" என்றாள் கஸ்தூரி.
எப்சிபா விடவில்லை. நூலகத்தின் கடைசி அலமாரியில்
கரையான் மிச்சம் வைத்த பக்கத்தில் கண்டுபிடித்தாள்:

மூன்று கட்டம், மூன்று ஜோடி.
நடுக்கட்டத்துக்குப் பெயர் நரகம்.
அதில் நிற்பவர்கள் கோத்த கையோடு ஓடி
மற்றவர்களைப் பிடிக்க வேண்டும்.
ஓரத்தில் இருப்பவர்கள்
நெருக்கினால் கையை உதறிக்கொள்ளலாம்.
நரகத்தில் மட்டும் கை விடக் கூடாது.

கோடைப் பரீட்சைக்கு நான்கு நாள் இருக்க,
விருதம்பட்டுப் பாலத்துக்குக் கீழே
தண்ணீர் மறந்த பாலாற்றில்
செருப்பு முனையால் கோடு கிழித்தான் இத்ரீஸ்.
தோல் ஷாப்பு நாற்றம் காற்றோடு வந்து போனது.
மணல் லாரிக்காரன் ஒருவன் இறங்கி
பீடி பற்றவைத்துக்கொண்டு பார்த்தான்:
"இன்னா ஆட்டம் இது, சடுகுடா?"
"இங்கிலீஷ் சடுகுடு" என்றான் தணிகைமலை.
"மூச்சே புடிக்கலையே?"
"அங்க குளுரு, அண்ணே."

பஸ் டிக்கெட்டின் கடைசி எண் பார்த்து
ஜோடி சேர்த்தோம்.
எனக்கு முனிரத்தினம். முதல் நரகமும் எங்களுக்கே.

மூன்று வருஷம் ஒரே வகுப்பு.
நோட்டு வாங்கியிருக்கிறேன், கொடுத்திருக்கிறேன்.
அந்த உள்ளங்கையில் இவ்வளவு காய்ப்பு இருக்குமென்று
யாரும் எனக்குக் குறிப்பு எழுதவில்லை.
விடிகாலையில் செங்கல் சூளை,
ஒன்பதரைக்கு நாடக வகுப்பு.

இரண்டு பேர் ஒரு உடம்பாய் ஓடுவது சிரமம்.
அவன் இடக்கே இழுத்தால் நான் வலக்கே.
எப்சிபாவும் தணிகைமலையும்
கையை உதறிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் பறந்தார்கள்.
விழுந்தோம். எழுந்தோம். கை அப்படியே இருந்தது.
சிரித்து சிரித்து எனக்கு விக்கல்.

மேலே, பாலத்தில்,
காட்பாடி போகிற டவுன் பஸ் மெதுவானது.
ஜன்னலில் ஒரு வெள்ளைச் சட்டை.
எங்கள் தெருவா, வேறு தெருவா,
முகம் தெரிகிற தூரமில்லை.
நான் கையை எடுத்தேன்.
கொசுவம் அவிழ்ந்ததென்று சொன்னேன்.
கொசுவம் அவிழவில்லை.

"அவுட்! நரகத்துல கை வுடக் கூடாது!"
எப்சிபா கத்தினாள். அவளுக்கு விதிதான் முக்கியம்.
முனிரத்தினம் ஒன்றும் சொல்லவில்லை.
உள்ளங்கை மணலைப் பேன்டில் தேய்த்துக்கொண்டு
"இன்னொரு ஆட்டம் போடலாமா" என்றான்,
எல்லோரையும் பார்த்து.

கேள்வி வந்தது. இத்ரீஸ் மேஜையைத் தட்டினான்.
மூன்று கட்டம் வரைந்தேன், ஸ்கேல் வைத்து.
மூன்று ஜோடி, நடுவில் நரகம்,
பிடிபட்டவர் இடம் மாற வேண்டும் என்பதுவரை
தெளிவாக எழுதினேன்.
கை பற்றிய விதியை எழுதவில்லை.

ஒன்றரை போட்டிருந்தார்கள்.
அரை மார்க் எங்கே போனதென்று
கஸ்தூரி இன்றைக்கும் போனில் கேட்பாள்.