இருநூற்றுப் பதினோராவது முறை

பதினொரு வருஷத்தில்
இருநூற்றுப் பத்து முறை பினாங்கு வந்திருக்கிறேன்.
எனக்குத் தெரிந்த பினாங்கு இதுதான்:
கோட்டைக்குப் பின்னால் ஒரு தூங்குமூஞ்சி மரம்,
பத்தரை மணிக்கு அதன் நிழல்
பஸ்ஸின் எத்தனையாவது ஜன்னல் வரை வரும் என்பது,
கொடிமலை அடிவாரத்தில் ரிவர்ஸ் எடுக்கும்போது
இடப்பக்கம் ஒளிந்துகொள்ளும் சாக்கடை,
முப்பது சென் கழிப்பறை,
சில்லறை இல்லாதவனை
மேலும் கீழும் பார்க்கும் அங்கத்துப் பெண்.
மற்றதெல்லாம்
நோரைனியின் மைக்கில் கேட்டது.

இன்று கம்ப்ரெஸர் செத்துவிட்டது.
முப்பத்தெட்டுப் பேரையும்
வேறொரு பஸ் ஏற்றிக்கொண்டு போனது.
"சாமான் நாலு மணிக்குத்தான் வரும்" என்றான் கியோங்,
ஜெலுத்தோங் பட்டறையில்
என் பஸ்ஸின் வயிற்றுக்குள்ளிருந்து, முகம் காட்டாமல்.

நடந்தேன்.
இருக்கையில் உட்கார்ந்தால்
கண்ணுக்கு நேராக வரும் கடைப் பலகைகள்
தலைக்கு மேலே போய் உட்கார்ந்துகொண்டன.
ஐந்தடிப் பாதையில்
யாரோ வீட்டு வாசல் ஊதுபத்தி,
யாரோ வீட்டுச் செருப்பு,
ஒரு பூனை. ஹாரன் அடிக்க முடியாது,
சுற்றிக்கொண்டு போனேன்.

மணிக்கூண்டு.
ராணி ஆண்டது அறுபது வருஷம், வருஷத்துக்கு ஓர் அடி,
போரில் குண்டு விழுந்ததில் லேசாய்ச் சாய்ந்தது.
இருநூற்றுப் பத்து முறை கேட்ட பாடம்.
தலையைச் சாய்த்துப் பார்த்தேன்:
சாயவில்லை.
தலையை நிமிர்த்திப் பார்த்தேன்:
சாய்ந்திருக்கிறது.
நோரைனி பொய் சொல்பவள் இல்லை.

பூ வைத்தால் பிள்ளை பிறக்குமாம்
என்று அவள் சொல்லும் பீரங்கி, கடலைப் பார்த்தபடி.
அதன்மேல் ஒரு செம்பருத்தி, இன்னும் வாடாமல்.
காலையில்தான் யாரோ வந்து போயிருக்க வேண்டும்.
வத்சலாவை ஒருமுறைகூட
இங்கே அழைத்து வந்ததில்லை.
"நீங்கதான் வாராவாரம் சுத்திப் பாக்குறீங்களே"
என்பாள், சோற்றைப் போட்டபடி.
நானும் ஆமாம் என்றுதான் சொல்லிவந்தேன்.

சுவரில் இரண்டு பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள்.
பிள்ளைகள் சாயம். சைக்கிள் இரும்பு.
கம்பெனிச் சட்டை போட்டவன் கையில்
போனைக் கொடுக்க யாரும் தயங்குவதில்லை;
ஆறு குடும்பங்களுக்குப் படம் எடுத்துக் கொடுத்தேன்.
பிறகு வரிசையின் கடைசிக்குப் போய்
ஏழாவதாய் நின்றேன்.
ஒரு மாணவி எடுத்துக் கொடுத்தாள்.
அந்தப் படத்தில் என் கைகள்
எங்கே போவது என்று தெரியாமல்
பத்துக்கும் இரண்டுக்கும் நிற்கின்றன,
நடுவில் ஸ்டீயரிங் இல்லாமல்.

அப்புறம் ஃபெரி.
பஸ் ஏற முடியாத ஒரே வழி அது.
பட்டர்வொர்த்தில் எனக்கு ஒரு வேலையும் இல்லை,
போய்விட்டு உடனே திரும்பினேன்.
திரும்பும்போதுதான் பார்த்தேன்:
தண்ணீரிலிருந்து மெதுவாக எழுந்து வருகிறது ஊர்,
கொம்தார் முதலில்,
பிறகு பழைய ஓட்டுக் கூரைகள்,
மரக்கால்களில் நின்று
சேற்றில் கால் நனைக்கும் படகுத்துறை வீடுகள்.
தெற்கே, தூரத்தில், பாலம்.
அதன்மேல் எறும்பு மாதிரி ஒரு வெள்ளைப் பஸ்.
உள்ளே இருப்பவன்
மீட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பான்.
கையசைத்தேன்.
பக்கத்தில் நின்ற மலாய்க்காரர்
யாருக்கு என்று தேடினார்.

நாலே முக்கால்.
ஜாதிக்காய் ஊறல், பயற்றம் பிஸ்கட் பெட்டிகள்,
வெயிலில் சிவந்த கழுத்துகள்
எல்லாம் ஏறி முடித்தன.
கம்ப்ரெஸர் இருமி, பிறகு மூச்சு விட்டது.
நோரைனி விரலால் எண்ணிக்கொண்டு வந்தாள்.
"முப்பத்தெட்டு. சரி, அண்ணே."
"முப்பத்தொன்பது" என்றேன்.
அவள் என்னைப் பார்த்தாள்.
கடைசி வரிசை வரை போய்,
தூங்குகிறவரின் தொப்பியைக்கூடத் தூக்கிப் பார்த்து,
மறுபடி எண்ணிக்கொண்டு வந்தாள்.
"முப்பத்தெட்டுதான்.
வெயிலில் எங்கேயோ சுத்தியிருக்கீங்க."

கண்ணாடியைச் சரி செய்தேன்.
ஹேண்ட் பிரேக்கை இறக்கினேன்.