மாம்பழ வாசனை

ஈசூன் பலதுறை மருந்தகத்தில்
அம்மாவின் நெஞ்சுப்படத்தைத் திரையில் ஏற்றிய டாக்டர்
என்னைப் பார்த்தே பேசினார்.
புகைப்பவள் அவள்.
நான் வெறும் மொழிபெயர்ப்பாளன்.

ஒரு நாளைக்கு எத்தனை?
"பதினைந்து" என்றாள்.
நான் ஆங்கிலத்தில் முப்பத்தைந்து என்றேன்.
அவ்வளவு ஆங்கிலம் அவளுக்கும் தெரியும்.
மேசைக்கடியில் என் தொடையைக் கிள்ளினாள்.

கொண்டோ வாசலில் பதினேழு வருடமாய் இரவுக் காவல்.
அப்பா தன் சட்டைகளை மட்டும் எடுத்துக்கொண்டு போன வருடம்
மழையில் தூங்கி வழிந்தவளுக்கு
அபாங் ரொஸ்லான் நீட்டியது முதல் துண்டு.
ரொஸ்லான் நிறுத்திவிட்டார்.
பேரப்பிள்ளைகளோடு பாசிர் ரிஸ்ஸில் மீன் பிடிக்கிறார்.
"அவருக்கு மீன் இருக்கு" என்பாள் அம்மா
புளோக்கிற்குக் கீழே காப்பிக்கடையில்
மஞ்சள் கோட்டுக்குள் நாற்காலியை இழுத்துப்போட்டபடி.
கோட்டைத் தாண்டி ஒரு கால்விரல்கூட வைக்கமாட்டாள்.
சட்டம் என்றால் சட்டம் அவளுக்கு.

மருந்தகம் தந்த ஒட்டுவில்லைகள்
கறிவேப்பிலைக்குப் பின்னால்
குளிர்பெட்டியில் பிரிக்கப்படாமல் கிடந்தன.

என்னோடு மின்தூக்கி பழுதுபார்க்கும் ஃபைசால் சொன்னான்:
ஜொகூர் போ, மின்சிகரெட் வாங்கு,
மாம்பழ வாசனை, ரெண்டே வாரம், எங்க மாமா விட்டுட்டாரு.
மான்செஸ்டரிலிருந்து சித்தி மகள் எழுதினாள்:
இங்கே மருத்துவமனையே கையில் கொடுக்கிறது அண்ணா.
அங்கே மருந்து. இங்கே குற்றம்.
நடுவில் எனக்குத் தெரிந்து
பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டர்.

வாங்கினேன். அறுபத்தைந்து ரிங்கிட்.
எலுமிச்சம்பழ எடைகூட இல்லை.
காலுறைக்குள் செருகிக்கொண்டு
கழிவறையிலிருந்து வெளியே வந்தவன்
பேருந்து வரிசையில் நின்றேன். வரிசை நகரவில்லை.
எனக்கு முன்னால் ஒரு கிழவர்
யாரும் கேட்காமலே தன் பையைத் திறந்து
ரொட்டிகளை அடுக்கி வைத்துக்கொண்டிருந்தார்,
சோதிப்பவருக்குச் சிரமம் வேண்டாமென்று.

அப்போதுதான் உறைத்தது.
பையைத் திறந்து பார்ப்பதுதானே அம்மாவின் வேலை.
பதினேழு வருடம் அந்த வேலை போட்ட சோறு
என் கணுக்கால்வரைக்கும் இறங்கியிருக்கிறது.
திரும்பி நடந்தேன்.
அதே கழிவறை, அதே குப்பைத்தொட்டி.

சொன்னபோது முதலில் விலை கேட்டாள்.
"அதுக்கு ஒரு பாக்கெட்டும் கோப்பியும் வந்திருக்கும்டா, மடையா."
சிரித்தாள். சிரிப்பு இருமலாகி
இருமல் நிற்க நெடுநேரமானது.
நான் முதுகைத் தடவவில்லை. அவளுக்குப் பிடிக்காது.
மறுநாள் காலை குளிர்பெட்டியில்
கறிவேப்பிலை முன்னால் வந்திருந்தது.

ஒட்டுவில்லை பகலுக்குப் போதும்.
மூன்று மணிக்குத்தான் கை பரபரக்கிறதாம்.
அந்த நேரம் என்னைக் கூப்பிடுகிறாள்.
ஒரு துண்டு எரிய எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம்.
எட்டாவது மாடி விளக்கு இன்னும் எரிகிறது,
பூனை குட்டி போட்டிருக்கிறது,
சீனத்தி கிழவி நாயோடு இறங்கிவிட்டாள்.
நான் ம் என்பேன். ம் என்றபடியே தூங்கியும் போவேன்.
ஒரு வியாழக்கிழமை போனை எடுக்கவே இல்லை.
காலையில் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல்,
"ரெண்டு" என்றாள்.
யாரைக் கோபிப்பது என்று தெரியாமல்
இருவரும் ரொட்டி தின்றோம்.

இப்போது ஒன்பது. சில நாள் பதினொன்று.
இதை வெற்றி என்று டாக்டர் சொன்னார்.
நான் மொழிபெயர்க்கவில்லை. அவளுக்கே புரிந்தது.

நேற்று மூன்று பத்துக்கு அழைப்பு.
குரலைத் தாழ்த்திப் பேசினாள்:
பி புளோக் படிக்கட்டில் ஒரு பையன்,
அதேதான், நீ தூக்கிப்போட்டியே, அது கையில்.
பேரும் வீட்டு எண்ணும் வாங்கிவிட்டாளாம்.
ரிப்போர்ட் எழுதவேண்டும்.
"சொல்லு, என்ன வாசனை?" என்றேன்.
மறுமுனையில் அவள் மூச்சை இழுப்பது கேட்டது.
"மாம்பழம்.
நல்லாத்தான்டா இருக்கு."
பிறகு பேனாவின் கீறல்.