அவன் வலது கால்

முகமூடி போட்டால் குனிய முடியாது.
கண்ணுக்கென்று விட்ட இரண்டு துளைகளும்
நேர் எதிரே மட்டும் பார்க்கும்.
ஆகவே லெஷெக்குக்குத் தன் கிட்டாரின் கழுத்து தெரியாது,
தரையில் வரிசையாய்க் கிடக்கும் பெடல்களும் தெரியாது.

ஏழாம் ஃபிரெட்டுக்கும் பன்னிரண்டாம் ஃபிரெட்டுக்கும் பின்புறம்
உப்புத்தாள் ஒட்டிவைத்தேன், நகத்தளவு.
கட்டைவிரல் உரசிப் படித்துக்கொள்ளும்.
பெடல்களை
நானே எடுத்துக்கொண்டேன்.

மேடைக்கு இடப்பக்கம், கறுப்புத் திரைக்குப் பின்னால்,
ஒரு ஸ்டூல், ஒரு டார்ச், நான்.
நான்காவது பாட்டில் கிட்டார் வீறிட்டு அழும் இடம் உண்டே,
தாடிக்காரர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொள்ளும் இடம்,
அதில் பாதி அவன் விரல்,
பாதி என் கால்.
நாற்பத்தோராம் நம்பர் செருப்பு.

ஸாப்ஷேயில் பல்செட் செய்துகொண்டிருந்தவன்.
முதல் முகமூடியை அச்செடுக்கும் மாவில்தான் வார்த்தான்.
வாயே வைக்கவில்லை.
"நாள் பூரா வாயைத்தானே பார்க்கிறேன்" என்றான்.
முதல் கச்சேரி, மூடிப்போன சுரங்கத்தின் குளியலறையில்.
முப்பத்தோரு பேர்.
பாதிப்பேர் டிரம்மர் வீட்டுச் சொந்தம்.
கூரையில் தொழிலாளிகள் சட்டை மாட்டிய சங்கிலிகள்
அவன் தாழ்தந்தியைத் தொட்டபோதெல்லாம்
கூடச் சேர்ந்து நடுங்கின.
அந்த நடுக்கத்துக்காகத்தான்
பிறகு மூன்று ஆம்ப்ளிஃபையர் மாற்றினோம்,
எதிலும் கிடைக்கவில்லை.

ஏழு தந்தி.
ஏழாவதைத் தாழ்ந்த ஏ வரை இறக்கினால்
ஈரக் கொடிக்கயிறாய்த் தொய்யும்,
அதனால் அறுபத்திரண்டாம் கனம்.
கச்சேரிக்கு ஒரு புது பேட்டரி, ஒன்பது வோல்ட்.
பாதி தேய்ந்தவற்றைத் தூக்கிப் போட மனம் வராது.
எங்கள் அடுக்குமாடியில் பதினான்கு வீட்டுப் புகையலாரங்கள்
இன்றும் ஹெவி மெட்டலின் மிச்சத்தில்தான் விழித்திருக்கின்றன.

அவன் வீட்டுக்குக் கீழே திமோன், பதினைந்து வயது.
சட்டையில் வாயில்லாத முகம்.
லிஃப்டில் லெஷெக்கிடம் சொன்னானாம்:
"ராத்திரியில் கொஞ்சம் மெதுவாக வாசிங்க சார்,
உங்களுக்கு அது வரவே மாட்டேங்குது."
லெஷெக் ஒரு வாரம் சிரித்தான்.
எட்டாம் நாள்
அந்தப் பகுதியை மெதுவாகப் பழக ஆரம்பித்தான்.

ஓஸ்த்ராவாவில், பதினோராம் வருஷம்,
மூன்றாவது முகமூடியின் வார் அறுந்தது.
கார்பன் ஃபைபர். ஐந்து மாதச் சம்பளம்.
தரையில் விழுந்து தட்டுபோலச் சுழன்றது.
இரண்டாயிரம் பேர் எதிரே.
அவன் சட்டென்று முதுகைக் காட்டித் திரும்பினான்,
அதாவது என் பக்கம்.

எத்தனையோ முறை பார்த்த முகம்தான்,
சூப் குடிக்கும்போது, வேனில் தூங்கும்போது.
வாசிக்கும்போது பார்த்ததில்லை.
உதடு அசைந்தது.
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.
எண்ணிக்கொண்டிருந்தான்,
கணக்குப் பரீட்சைக்கு வந்த பையன் மாதிரி,
நாக்கு நுனி வெளியே தெரிய.

நான் ஒலியைத் திறக்க வேண்டிய இடம் அது.
விரல்கள் ஓடின.
சத்தம் இல்லை.
இரண்டரை நொடி.
புருவத்தைத் தூக்கினான், அவ்வளவுதான்.
மிதித்தேன்.

வேனில் கேட்டான்: "போக்னா, உன் கால் எங்கே போச்சு?"
மரத்துப்போச்சு என்றேன்.

ஒரு பத்திரிகை
அந்த மௌனத்தைத் துணிச்சல் என்று எழுதிவிட்டது.
அதன் பிறகு எல்லா ஊரிலும் கேட்கிறார்கள்.
வார் இப்போது இரட்டைத் தையல், பித்தளைக் கொக்கி.
அதே இடம் வந்ததும் காலைத் தூக்கிவிட்டு
இரண்டரை நொடி காத்திருக்கிறேன்,
அவன் முதுகைப் பார்த்தபடி.