மூணு பாயிண்ட் ஒண்ணு

ஐம்பது கிரெய்ன்.
கிராமில் மூன்று புள்ளி இரண்டு நான்கு.
பழைய கருவி, சீமை எடையை இன்னும் விடவில்லை.
எந்தக் காலத்திலோ எவனோ தானிய மணி வைத்த தட்டில்
பல்லடத்து மில்லின் பஞ்சை வைக்கிறேன்.

கண்ணாடிக் கதவை மூடணும், ஃபேனை நிறுத்தணும்,
மூச்சைக்கூடத் தள்ளி விடணும்.
என் மூச்சுக்கும் எடை உண்டென்று
ஒத்துக்கொண்டது இந்தத் தராசு மட்டும்தான்.

குழலில் அடைத்துக் காற்றை விட்டேன்.
மிதவை ஏற மனமில்லாமல் நின்றது: 3.1.
ஓர் அங்குல இழைக்கு
மூன்று மைக்ரோகிராமும் சொச்சமும்.
முத்தாத பஞ்சு. செடியில் இன்னும் பத்து நாள் இருந்திருக்க வேண்டும்.
நூலில் முடிச்சு விழும், சாயம் திட்டாகும்,
திருப்பூர்க்காரர் துணியோடு திரும்பி வருவார்.

புரோக்கர் தெய்வசிகாமணி செருப்பை வாசலில் விட்டு வந்தார்.
"மூணரைன்னு போட்டு உடுங்க அம்மிணி.
பாயிண்ட் நாலு. காத்துல போற கனம்."

அவர் கணக்கு கண்டியில்.
கண்டிக்கு முந்நூற்று ஐம்பத்தாறு கிலோ;
வாசலில் நிற்கும் லாரியில் நூறு பேல்,
நாற்பத்தேழே முக்கால் கண்டி.
காற்றில் போகிற கனம்
கண்டிக்கு எண்ணூறு ரூபாயாய் வந்து இறங்கும்.
காலண்டர் தாளின் பின்பக்கம்
எனக்கென்று ஓர் எண் எழுதிக் காட்டினார்.

போன வியாழக்கிழமை
கடைவீதி அடகுக்கடைத் தட்டில் என் மூணு பவுன்.
இருபத்து நாலு கிராம் இருக்கணும்.
"அழுக்குங்க, தேய்மானமுங்க, கொக்கியில பொடிங்க" என்று
ஒன்றே கால் கிராம் கழித்தார்.
அங்கே ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தது.
ஒரு குன்றிமணிக்குக்கூட நான் வாதாடவில்லை,
பையனின் ஃபீஸுக்கு அன்று கடைசி நாள்.

தாளில் இருந்த எண் சங்கிலியை மீட்காது.
வட்டியை மீட்கும்.

மறுபடி நிறுத்தேன். ஐம்பது கிரெய்ன்.
கடைசி இலக்கம் நிற்கவில்லை,
ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவே தவித்தது.
"மிசின் கெட்டுப்போச்சுங்களா?"
"இல்லீங்க. நீங்க மேசை மேல கை வெச்சிருக்கீங்க."

எடுத்தார்.

மூணு பாயிண்ட் ஒண்ணு.
பேனாவில் மை தீரும் நேரம்.
அழுத்தி எழுதினேன்,
கார்பனுக்குக் கீழே மூன்றாம் தாளிலும் விழும்படி.